குஜராத் மாவு

என் வீட்டுக் கொல்லையிலிருந்து யாரோ உடைந்த ஷீட் துண்டுகளைத் திருடுகிறார்கள் என்பதை நான் கண்டுபிடித்தது தை மாதம் ஒன்பதாம் தேதி காலையில், முதல் காபிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவே.

கார்த்திகையில் அடித்த புயலை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். டி.வி.யில் காட்டியது அரைக்கால் பங்குகூட இல்லை. எங்கள் மரக்காணத்தில் அது கரையேறியபோது என் கொல்லைக் கொட்டகையின் கூரையை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்து, கடலுக்கு மேலே ஒரு ரவுண்டு கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டது. போட்ட சத்தம் திண்டிவனம் வரைக்கும் கேட்டதாகப் பேச்சு. ஆறு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், நாற்பத்தேழு துண்டு.

நாற்பத்தேழு என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். எதைப் பார்த்தாலும் தலை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன், சாவு வீட்டில் அழுகிறவர்களை எண்ணுவேன், அதில் நிஜமாக அழுகிறவர்களைத் தனியாக எண்ணுவேன். அன்றைக்குக் காலையில் எண்ணியபோது துண்டுகள் நாற்பத்தொன்றுதான் இருந்தன.

“ஆறு குறையுது” என்றேன் என் மனைவி விருத்தாம்பாளிடம்.

“என்னா ஆறு?”

“ஷீட். எவனோ தூக்கிட்டுப் போறான்.”

“உடைஞ்ச ஷீட்டை எவன் திருடுவான்? ரெண்டு மாசமா அந்தக் குப்பையை எடுத்துப் போடுங்க எடுத்துப் போடுங்கன்னு நான் கத்தறேன். நீங்க என்னான்னா அதுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கீங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட் எடுக்காத பயணி ஜன்னல் பக்கம் திடீரென்று இயற்கைக் காட்சி ரசிப்பான், தெரியுமா? அந்த வேகம்.

மறுநாள் முப்பத்தாறு. அதற்கடுத்த நாள் முப்பது.

ரிட்டையர் ஆகி எட்டு வருஷத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை. பென்ஷன் வாங்கினேன், பேத்தி பிறந்தாள், கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, எல்லாம் சரி. ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு ஆள் கிடைத்தால் வருகிற சந்தோஷமே வேறு.

முதல் சந்தேகம் தமிழ்வேந்தன் மேல். பஸ் ஸ்டாண்டு ஓரம் டீக்கடை. புயலில் அவன் கடைப் பின்பக்கத் தடுப்பு பறந்துபோயிருந்தது. மூன்று டீ வாங்கி, மூன்றையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே குடித்தேன்.

“என்னா கண்டக்டர் சார், மேல பல்லியா?”

“எதை வச்சுப்பா தடுப்பு அடைச்சிருக்க?”

“ஃபிளெக்ஸ் பேனரு. ஏன், யாராச்சும் உங்களுக்குத் தெரிஞ்சவங்க காதுகுத்தா?”

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பேனர்தான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேரும் என்னைப் பார்த்ததும் இடம் விட்டார்கள். “சார், இன்னிக்கு ஏதாச்சும் கதை உண்டா?” என்றான் ஒருவன். எனக்கு அந்தக் கடையில் ஒரு நாற்காலியும் ஒரு பேரும் உண்டு. நான் சர்வீஸில் இருந்தபோது ஒரே டிரிப்பில் நூற்று முப்பது பேரை ஏற்றியது, பாண்டிச்சேரி ரூட்டில் ஒரு வெள்ளைக்காரி எனக்குப் பிரெஞ்சில் ஆசி வழங்கியது, குஜராத்தில் உப்பளத் தரையைப் பார்த்துக்கொண்டே ஆட்கள் முகச்சவரம் செய்துகொள்வதை நான் நேரில் கண்டது, எல்லாம் அந்த நாற்காலியிலிருந்து வெளியானவைதான். நான் வடக்கே ஆந்திரா கூடூரைத் தாண்டியதில்லை. அது வேறு விஷயம். அன்றைக்குக் கதை சொல்லும் மனநிலையில் நான் இல்லை. துப்பறிகிறவன் வாயைத் திறக்கக்கூடாது.

இரண்டாவது சந்தேகம் சூர்யகலா மேல். அடுத்த வீட்டுப் பெண். முப்பத்து நாலு வயசு இருக்கும். புருஷன் திருப்பூரில் வேலை. ஐந்தாவது படிக்கிற ஒரு மகள், கலைமதி. உப்பளக்காரன் அப்பாவுவிடம் சூர்யகலாவுக்குக் கூலி வேலை. காலையில் எங்கள் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுக்க வருவாள். நல்ல பெண். நல்லவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் சர்வீஸ் அனுபவம்.

பத்தாம் தேதி சாயங்காலம் அவள் வேலை முடிந்து தெருவில் வரும்போது பார்த்தேன். புடவைக் கரையில் வெள்ளை. புருவத்தில் வெள்ளை. காதோரம் முடியில் வெள்ளை.

“என்னா சூர்யகலா, அதுக்குள்ள நரை?”

“வேலை மாமா” என்று சிரித்துவிட்டு இருமினாள். வேகமாக உள்ளே போய்விட்டாள்.

நான் அப்படியே நின்றேன். உப்பளத்திலிருந்து வருகிறவள் மேல் வெள்ளை இருப்பதில் அதிசயம் இல்லைதானே என்பீர்கள். அங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவார்கள். தை மாதத்தில் எங்கள் ஊரில் உப்பே கிடையாது. மழைத் தண்ணீரை வடித்து, வண்டலை வாரி, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிற மாதம் அது. தரை இறுகாவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் வந்து, உப்பு பழுப்பாகிவிடும். ஆக, தை மாதத்தில் முழங்கால் வரைக்கும் சேறோடு வரவேண்டியவள் மாவு மில்லிலிருந்து வருகிறவள் மாதிரி வந்தால்? அதுவும் உப்பு வெள்ளை மினுங்கும். இது மினுங்கவில்லை. செத்த வெள்ளை.

பன்னிரண்டாம் தேதி, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயிண்டை எடுத்து, மிச்சமிருந்த முப்பது துண்டிலும் ஒன்று முதல் முப்பது வரை நம்பர் போட்டேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஜன்னல் சீட் யாருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

பதிமூன்றாம் தேதி காலை, எட்டு முதல் பதினேழு வரை காணோம்.

என் டி.வி.எஸ். எக்ஸ்.எல்லை எடுத்தேன். நேராக உப்பளம்.

உப்பளத்தில் ஒருவரை மறைந்திருந்து பார்ப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மரம் கிடையாது, செடி கிடையாது, மூவாயிரம் ஏக்கரும் சாணி மெழுகிய முற்றம் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. ஒரு கொக்கு நின்றால் அதன் மூக்கு வரைக்கும் தெரியும். நான் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் குனிந்து, வரப்பு மேல் நடந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

“கண்டக்டரே! மழையா அங்க?” என்று அரை மைலுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவு குரல் கொடுத்தான்.

குடையை மடக்கினேன். இனி என்ன மறைவு? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அங்கே நான் பார்த்தது இதுதான். தார்ப்பாய் விரித்து, அதன்மேல் ஷீட் துண்டுகளைக் கொட்டி, இரண்டு பெண்கள் உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். இடித்ததை சூர்யகலா சல்லடையில் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துச் சலித்துக்கொண்டிருந்தாள். கடல் காற்று அடிக்கும்போதெல்லாம் தூள் புகையாக எழுந்து அவள் மேல் படிந்தது. புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றியிருந்தாள். அது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நழுவியது. சலித்த மாவை ஒரு ஆள் அன்னக்கூடையில் எடுத்துப்போய் பாத்தித் தரையில் விதை விதைக்கிற மாதிரி தூவி மிதித்துக்கொண்டிருந்தான். தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு துண்டு. சிவப்பு பெயிண்ட். பதினேழு.

“புடிச்சேன்!” என்று கத்தினேன். “பதினேழு என்னோடது!”

உலக்கைகள் நின்றன. அப்பாவுவுக்கு நாற்பத்தைந்து வயசு, பத்து ஏக்கர் குத்தகை எடுத்து உப்பு விளைவிக்கிறவன். நல்லவன்தான். எல்லாவற்றையும் நம்புகிறவன். அதுதான் அவன் கஷ்டம்.

“என்னா கண்டக்டரே புடிச்சீங்க? அம்மாதானே எடுத்துக்கோன்னாங்க.”

“எந்த அம்மா?”

“உங்க வீட்டு அம்மாதான். ‘அந்தக் குப்பை ஒழிஞ்சா சாமிக்குப் படைக்கிறேன், அள்ளிட்டுப் போ, ஆனா அவருகிட்ட சொல்லாத, பாவம் ஒரு வாரம் சந்தோஷமா இருக்கட்டும்’ன்னு சொன்னாங்க.”

பெண்கள் இருவரும் உலக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் திருடன் போய்விட்ட துக்கம். “சரி, இதை எதுக்கு இடிக்கிற?” என்றேன்.

அப்பாவு என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. “நீங்கதானே சொன்னீங்க!”

“நானா?”

“மார்கழியில, தமிழ்வேந்தன் கடையில. வெள்ளம் வந்து என் தரையெல்லாம் ஊறிப்போச்சு, இந்த வருஷம் பழுப்பு உப்புதான்னு நான் அழுதுகிட்டு இருந்தேன். நீங்க சொன்னீங்க, குஜராத்துல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இடிச்சு மாவாக்கித் தரையில தூவி மிதிக்கிறான், தரை கல்லா இறுகிடுது, கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியுது, அதைப் பாத்து ஷேவ் பண்றான், உப்பு மல்லிகைப் பூவா வருதுன்னு. புயல்ல ஊரு பூரா ஷீட்டு உடைஞ்சு கிடக்குது. சும்மா கிடைக்குது. இதுக்கு நாங்க பேரே குஜராத் மாவுன்னுதான் வச்சிருக்கோம்.”

அந்த ஷேவிங் கதை எனக்கு நன்றாக நினைவு வந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது, கேட்கிறவர்கள் வாய் பிளந்திருந்தார்கள், மாவு அந்த நொடியில் எனக்குள் உதித்தது.

இப்போது நான் வெட்கப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். நான் பூரித்துப்போனேன். என் வாயிலிருந்து வந்த ஒரு கதை தார்ப்பாய், உலக்கை, சல்லடை, நாலு ஆள் வேலை என்று எழுந்து நிற்கிறது! “இன்னும் நைசா சலிக்கணும்பா” என்றேன். “குஜராத்துல மூணு தடவை சலிப்பாங்க.” சூர்யகலா இன்னொரு தடவை சலித்தாள். அடுத்த இரண்டு நாளும் நானே போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். என் சட்டையும் வெள்ளை, மீசையும் வெள்ளை. மீசை முன்னாலேயே வெள்ளைதான், ஆனாலும்.

பதினாறாம் தேதி இந்தப் பெருமையை யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று பொம்மையார்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே என் நண்பன் சிவஞானம். ஈ.சி.ஆர். ரோட்டு ஓரத்தில் இருபத்தாறு வருஷம் பிரேக் பட்டறை நடத்தியவன். லாரி, பஸ், டிராக்டர், எதன் பிரேக் சத்தம் போட்டாலும் சிவஞானத்திடம்தான் வரும். டிரம்மைக் கழற்றி, கம்ப்ரசர் காற்றை உள்ளே அடிப்பான். கறுப்புப் புகையாகத் தூள் எழும்பும். அதற்குள்ளிருந்து சினிமா வில்லன் மாதிரி சிரித்துக்கொண்டே வெளியே வருவான். ஒரு வருஷமாக நான் அவனைப் பார்க்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் ஒரு டியூப். பக்கத்தில் ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு மெஷின் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இவன் எதையாவது வாங்கினால் அதை மாட்டிக் காட்டாமல் இருக்க மாட்டான்.

“என்னாய்யா இது, புது வண்டியா?”

“உக்காரு” என்றான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மூச்சு வாங்கினான். மெதுவாக, இடைவெளி விட்டுவிட்டுச் சொன்னான். படியேற முடியவில்லை என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனானாம். படம் எடுத்தார்களாம். டாக்டர் முதலில் கேட்டது, என்ன வேலை பார்த்தீர்கள் என்று.

“பீடியா இருக்கும்” என்றேன்.

“நான் என்னிக்குய்யா பீடி குடிச்சேன்? பிரேக் லைனர். அந்தக் காலத்து லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ்தான். கல்நாரு. ஊசி மாதிரி நாரு, கண்ணுக்கே தெரியாதாம். மூச்சுல உள்ள போனா வெளிய வராது. அங்கயே குத்திக்கிட்டு கிடக்கும். இருபது வருஷம், முப்பது வருஷம் சும்மா இருக்கும். அப்புறம் நுரையீரல் தழும்பு பட்டு இறுகிடுமாம். எனக்கு இறுகிடுச்சு. கொஞ்சப் பேருக்குப் புத்துநோயும் வருமாம். இறுகினது திரும்ப இளகாதுன்னு சொல்லிட்டாரு.”

‘இறுகிடுச்சு’ என்று அவன் சொன்னபோது எனக்கு அப்பாவுவின் தரை ஞாபகம் வந்தது.

“ஷீட்டுல?” என்றேன். “கூரை ஷீட்டுல?”

“அதே சாமானுதான், சிமெண்ட்டோட கலந்து. கூரையில முழுசா கிடக்கும்போது பெருசா ஒண்ணும் இல்லையாம். உடைச்சா, அறுத்தா, இடிச்சாத்தான் பறக்கும். அதை எவன் இடிக்கப் போறான்? பைத்தியக்காரனா?”

நான் குஜராத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் மனைவியிடம் டாக்டர் சொன்னதை எல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். தண்ணீரில் நனைத்தால் பறக்காது. காய்ந்ததைக் கூட்டக்கூடாது. அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரையும் எண்ணவில்லை. கண்டக்டர் பையன் எனக்கு மீதிச் சில்லறை தரவில்லை. அதையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை உப்பளத்துக்குப் போய், சொல்லிவிட்டேன். நிஜத்தை. கூட்டாமல் குறைக்காமல்.

அப்பாவு கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தான். “அடுத்த கதை ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

“டேய், இது கதை இல்லடா!”

“நாலு நாள் முன்னாடி மூணு தடவை சலிக்கச் சொன்னீங்க. இப்ப இடிக்கவே வேணாங்கறீங்க. குஜராத்துல எத்தினி பேரு செத்தாங்க?”

“குஜராத்தே இல்லைப்பா. நான் குஜராத்துக்குப் போனதே இல்லை.”

“பாத்தியா, இது பொய்” என்றாள் உலக்கை பிடித்தவள். “போன தடவை ஒட்டகம் கடிச்ச தழும்பைக் காட்டினாரே.”

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். “இன்னும் ஒரு மூச்சு இழுத்தா இங்கயே விழுந்து சாவீங்க!” என்று கத்தினேன்.

சூர்யகலா சல்லடையை இறக்கினாள். தலைப்பை மூக்கிலிருந்து விலக்கி, என்னையே பார்த்துக்கொண்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். எல்லோரும் காத்திருந்தோம்.

“சாகலையே மாமா. பத்து நாளா இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“இப்ப இல்லம்மா. இருபது முப்பது வருஷம் கழிச்சு.”

அதற்குத்தான் இருக்கிறதிலேயே பெரிய சிரிப்பு. “முப்பது வருஷமா!” என்றான் அப்பாவு. “அதுக்குள்ள கடலே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடும்.”

சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியது. சாயங்காலம் சூர்யகலா வீடு திரும்பியபோது அவள் மகள் கலைமதி ஓடிவந்து அந்தப் புடவையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டதை என் வாசலிலிருந்து பார்த்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன்.

“நீ நம்புறியா?” என்றேன்.

“நம்புறேன்.”

“எப்படி?”

“ரெண்டு நாளா நீங்க சரியா சாப்பிடலை. பொய் சொன்னா நல்லா சாப்பிடுவீங்க.”

அவள் ஒருத்திக்கு அந்த அளவுகோல் போதும். அப்பாவுவுக்குப் போதாது. யோசித்தேன். நான் வலியச் சொன்னால் ஒருவனும் நம்பப்போவதில்லை. ஆனால் எவனாவது எதையாவது மறைத்தால்? இருக்கைக்கு அடியில் எதையோ தள்ளுகிறவனை பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

பதினெட்டாம் தேதி காலை மறுபடி போனேன். யாரிடமும் பேசவில்லை. மிதித்து முடித்த பாத்தியின் ஓரத்தில் குந்தினேன். குடையை விரித்துத் தலையோடு மூடி இருட்டாக்கிக்கொண்டேன். கள்ளநோட்டு பார்க்க பாண்டிச்சேரி பிளாட்பாரத்தில் வாங்கிய நீல லைட் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தரையில் அடித்துப் பார்த்து, “த்சொ த்சொ” என்றேன். அடுத்த பாத்தி. “த்சொ.” லைட்டைச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வண்டியைப் பார்த்து நடந்தேன்.

அப்பாவு சேற்றில் ஓடி வந்தான்.

“கண்டக்டரே, என்னா பாத்தீங்க?”

“ஒண்ணும் இல்லப்பா.”

“இடுப்புல என்னா?”

“சாவி.”

“நீலமா எரிஞ்சுது!”

“நான் ஏதாச்சும் சொன்னா கதைம்பீங்க. எனக்கெதுக்கு?” வண்டியை உதைத்தேன். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். உதைத்தேன். பிடித்துக்கொண்டான். அவன் கண் முழுக்க சந்தேகம். வயலில் நெல் பார்க்கிற மாதிரி எனக்கு நிறைவாக இருந்தது.

“உன் நல்லதுக்கு சொல்றேன், என் பேரு வரக்கூடாது” என்றேன் கடைசியில், குரலைத் தாழ்த்தி. “மெட்ராஸ் வியாபாரிங்க இந்த வருஷம் உப்பு லோடு ஏத்தறதுக்கு முன்னாடி இந்த லைட்டை அடிச்சுப் பாக்கறாங்களாம். ஷீட்டு மாவு இருந்தா நீலமா மின்னும். மின்னுச்சுன்னா லோடு எடுக்க மாட்டான். அந்த உப்பளம் பேரே போச்சு.”

“என் பாத்தி மின்னுச்சா?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. நுரையீரலுக்குச் சாகாத முகம் லோடுக்குச் செத்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நுரையீரலை யார் பார்த்தார்கள்? லோடு வருஷா வருஷம் கண்ணுக்குத் தெரிகிறது.

“என்னா பண்றது கண்டக்டரே?”

அதற்குத்தான் நான் வந்ததே. “முதல்ல தண்ணி. மாவு, ஷீட்டு, தார்ப்பாய், சல்லடை, எல்லாத்தையும் சொட்டச் சொட்ட நனை. காஞ்சு பறந்துச்சுன்னா பத்து பாத்திக்கும் போய் ஒட்டிக்கும், அப்புறம் உன்னை ஆண்டவனாலயும் காப்பாத்த முடியாது. விளக்குமாறு எடுக்காத. தூவின தரையை ஈரத்தோட மேலாக்க வழிச்சு எடு. எல்லாத்தையும் பிளாஸ்டிக் சாக்குல போட்டு, அதை இன்னொரு சாக்குல போட்டு, வாயைக் கட்டு. பொம்பளைங்களைக் கிட்ட விடாத. பழக்கம் இல்லாதவங்க சிந்திடுவாங்க. நீயும் நானும்தான். மூக்குல நல்ல மாஸ்க்கு.”

ஒன்றரை மணி நேரம். மிதிபம்பு வைத்துத் தண்ணீர் அடித்து, குனிந்து வழித்து, கட்டி, ஒன்பது மூட்டை. என் அறுபத்தாறு வயசு இடுப்பு அன்றைக்கு மட்டும் இருநூறு வருஷம் பழையதானது. மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றி என் கொல்லைக்கே கொண்டுவந்தோம். இந்தச் சாமானை எங்கே முறையாக ஒப்படைப்பது என்று விசாரித்து மனு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும் வரைக்கும் அவை என் கிணற்றடியில்தான் இருக்கும். தினமும் காலையில் எண்ணுகிறேன். ஒன்பது. எவனாவது இப்போது திருடினால் நிஜமாகவே கொலை விழும்.

அன்று மாலை சூர்யகலா தண்ணீர் எடுக்க வந்தாள். குடத்தைக் கிணற்றுத் திட்டில் வைத்துவிட்டு, எடுக்காமல் நின்றாள்.

“அந்த நீல லைட்டு பொய்தானே மாமா?”

இவளிடம் கண்டக்டர் வேலையைக் கொடுத்திருக்கலாம். “பொய்” என்றேன்.

“மூச்சு?”

“நிஜம்.”

குடத்தின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். “எனக்கு வருமா?”

என் வாயில் ஆயிரம் கதை வரிசையில் நின்றது. எது ஒன்றை இறக்கிவிட்டாலும் அவள் நிம்மதியாகத் தூங்குவாள், அல்லது தூங்கவே மாட்டாள்.

“தெரியாதும்மா” என்றேன். “சிவஞானம் இருபத்தாறு வருஷம் அதுலயே கிடந்தான். நீ பதினோரு நாள். கொஞ்ச நாள்னா ஆபத்து கம்மிங்கறாங்க. இல்லவே இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்தப் புடவை ரெண்டையும் நனைச்சு எங்கிட்ட குடு, மூட்டையோட போவட்டும். அத்தை வேற புடவை தருவா. பின்னாடி எப்பவாச்சும் மூச்சு வாங்கினா, டாக்டருகிட்ட முதல்ல இந்த வேலையைச் சொல்லு. அவன் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லு.”

“முப்பது வருஷம் கழிச்சு எனக்கே மறந்துடும். எழுதிக் குடுங்க.”

உள்ளே போய், பழைய பையில் மிஞ்சியிருந்த டிரிப் ஷீட் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதன் பின்பக்கத்தில் எழுதினேன். தை எட்டு முதல் பதினெட்டு வரை, பதினோரு நாள், மரக்காணம் உப்பளம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இடித்துச் சலித்த வேலை, தூள் முகத்தில். எழுதி முடித்த பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: இப்படிச் செய்யச் சொன்னது தேசப்பன், கண்டக்டர், ஓய்வு. கையெழுத்துப் போட்டேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் கொஞ்சம் நின்றாள். நாலாக மடித்தாள்.

“ரேஷன் கார்டோட வச்சுக்கறேன். ஆனா அப்ப இதை யாரு மாமா நம்புவா?”

“நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“அப்ப உங்களுக்கு என்னா வயசு?”

“தொண்ணூத்தாறு. கண்ணாடி இல்லாம படிச்சுக் காட்டுவேன், வேணும்னா பாரு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் நான் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்த அதே பார்வை. டிக்கெட் எங்கே என்று கேட்காமல் கேட்கிற பார்வை. பிறகு குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையிலிருந்து நான் இரண்டாவது காபியை நிறுத்திவிட்டேன். உப்பளம் வரைக்கும் போய்வர நாலு கிலோமீட்டர், நடந்தே போகிறேன். என் மனைவிக்கு இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பலத்த சந்தேகம்.